அஞ்சலை காயவைத்த சோறு

எனக்கு எழுபத்து நான்கு வயதாகிறது. பெற்றது மூன்று. தங்கை விட்டுவிட்டுப் போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்தும் இன்று சொந்தக் காலில் நிற்கின்றன. பெருமைக்குச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், பெருமைக்குத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு முடிந்துவிட்டது. என் பெயரை எழுதுவேன். பஸ் போர்டு படிப்பேன். ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த பாட்டை விரல் வைத்துத் தொடர்வேன். அதனால் இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி ஷைனி எழுதுகிறாள். என் பேச்சை அவள் கொஞ்சம் திருத்தித்தான் எழுதுவாள், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே போடச் சொல்லியிருக்கிறேன். அது அவர்களுடையது.

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் நம் இல்லம் வாடகை வீட்டில் தொடங்கிய நாளிலிருந்து, முட்டி தேய்ந்து உட்காரும்வரை, அங்கே சமையல் என் கையில்தான் இருந்தது. இப்போது நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். சமையலுக்கு வந்தவர்களும் உண்டு, தங்கியிருக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர்களும் உண்டு. "ஞானம்மா, உங்க அனுபவத்த எங்களுக்குச் சொல்லுங்க" என்று வீடு தேடி வந்து கேட்டீர்கள். வந்தவர்களுக்கு ஒரு காபிதான் கொடுக்க முடிந்தது. அதனால் இதைக் கொஞ்சம் நிறைவாகச் சொல்கிறேன்.

எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி என்றெல்லாம் சொல்லமாட்டேன். அது நாளாக நாளாகக் கைக்கு வந்துவிடும். கைக்கு வராத ஒன்று இருக்கிறது. நம் இல்லத்துக்கு வருகிறவர்கள் செங்கல் சூளையிலிருந்தும் கல் உடைக்கும் இடத்திலிருந்தும் மீட்கப்பட்டு வருகிறவர்கள். எப்போதோ வாங்கிய ஒரு கடனுக்காகக் குடும்பத்தோடு மாட்டிக்கொண்டு, வெளியே போக முடியாமல் கிடந்தவர்கள். அதிகாரிகள் போய்க் கூட்டி வருவார்கள். சொந்த இடம் கிடைக்கும்வரை நம்மிடம் இருப்பார்கள். வண்டியை விட்டு இறங்கியதும் நாம் நினைப்போம், அவ்வளவுதான், விடுதலை ஆகிவிட்டது, இனி சோறு போட்டால் போதும் என்று. நானும் அப்படித்தான் நினைத்துக் கரண்டியைப் பிடித்தேன்.

இஸ்ரவேல் ஜனங்கள் எகிப்தில் அடிமையாகக் கிடந்து விடுதலையாகி வந்த கதையை ஓய்வுநாள் பள்ளியில் நமக்குச் சொல்லும்போது கடல் பிளந்ததோடு பாதிக் கதை முடிந்துபோகும். துரத்தி வந்த பார்வோன் ராஜாவுடைய ரதம் மூழ்கும், பிள்ளைகள் கைதட்டும். கடல் பிளந்தது கர்த்தருடைய வேலை. நடந்துபோனதுதான் இவர்கள் வேலை. அது கால் செய்கிற காரியம். அதற்குப் பிறகு வனாந்தரத்தில், நாளைக்கும் சோறு வரும், அதை யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்று நம்பினார்களே, அது நெஞ்சு செய்கிற காரியம். அதற்குத்தான் நாற்பது வருடம் ஆனது. இதை எனக்குப் புரியவைத்தவள் அஞ்சலை.

அஞ்சலை நல்ல கத்திரி வெயிலில் வந்தாள். செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு சூளை. புருசன் இல்லை. செவ்வந்தி என்று ஒரே மகள், நாலாவது ஐந்தாவது படிக்கிற வயசு. படித்ததில்லை. வந்த அன்று அஞ்சலையின் முடி, புருவம், நகக்கண் எல்லாம் செம்மண்ணாக இருந்தது. குளித்து முடித்தபோதுதான் அவள் மாநிறம் என்றே தெரிந்தது.

சூளையிலிருந்து வந்தவர்கள் பொதுவாக அவசரமாகச் சாப்பிடுவார்கள். யாரோ பிடுங்க வருவதுபோல வாயில் போடுவார்கள். அஞ்சலை அப்படி இல்லை. தட்டில் வாங்குவாள், ஓரமாகப் போய் உட்காருவாள், பாதி சாப்பிடுவாள், மீதியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மகளுக்கு வைக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் மகள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து தனியாக இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுவாள். எனக்குக் கோபம்தான் வந்தது. என் சாம்பாரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவர்கள் அதுவரை கிடையாது.

"ஏம்மா, ருசி இல்லையா?" என்று கேட்டேன்.

"ருசியா கீதுக்கா. அதான் பயமா கீது."

இது என்ன பதில் என்று நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

காற்று நம் பக்கம் திரும்பினால் வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் சிங்கம் கத்துவது இல்லத்தின் மாடிவரை கேட்கும். உங்களுக்கும் பழகியிருக்கும். ஒரு நாள் காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். சத்தம் கேட்டு செவ்வந்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்குப் பசியா பாட்டி?"

"பசி எதுக்கு? நேரா நேரத்துக்கு கறி போட்ருவாங்க."

"யாரு?"

"கவர்மெண்டு."

"சும்மாவா?"

"சும்மாதான். அது என்ன வேலையா செய்யுது?"

அஞ்சலை கீரையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "அதான் கூண்டுல வச்சிகினு கீறாங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நல்ல வாய்க்காரி என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த வாரமே மொட்டை மாடியில் காக்கை கூட்டம் அதிகமாகிவிட்டது. துணி எடுக்கப் போனவள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பழைய புடவை ஒன்றை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, அதன்மேல் சோறு காயவைத்திருந்தது. நான் வடித்த சோறுதான். கழுவி, ஒன்றோடொன்று ஒட்டாமல் கையால் உதிர்த்து, வற்றல் காயப்போடுவதுபோலப் போட்டிருந்தாள். காய்ந்ததை எல்லாம் எங்கே வைக்கிறாள் என்று பார்த்தால், நாம் கொடுத்த தலையணை உறைக்குள். பஞ்சை எடுத்து மூலையில் வைத்துவிட்டு, சோற்றை நிரப்பி அதன்மேல் தலைவைத்துத் தூங்கியிருக்கிறாள்.

எங்கள் மேட்ரனம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர்கள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. உயிரோடு இருந்தபோதே தன் பெயரைச் சுவரில் எழுதவிடாதவர்கள். நர்சாக இருந்து ஓய்வு பெற்று, சம்பளம் வாங்காமல் இல்லத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பேசுவது குறைவு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள் என்றால் யோசிக்கிறார்கள் என்று அர்த்தம்.

"எடுத்துக் கொட்டிரட்டுமா மேடம்? எலி வரும்."

கண்ணாடியைத் துடைத்தார்கள். "எலி வந்தா பொறி வைப்போம். ஏன் செய்யுறான்னு தெரியுற வரைக்கும் அதுல கை வைக்காத, ஞானம்."

"கேட்டுப் பாக்கட்டுமா?"

"கேட்டா உனக்குப் பிடிச்ச பதிலத்தான் சொல்லுவா. அத வச்சிக்கிட்டு நாம என்ன பண்றது?"

இது நான் அங்கே கற்றுக்கொண்ட பெரிய பாடம். சூளையில் கேள்வி கேட்கிறவர் முதலாளி. கேள்விக்குப் பதில், கேட்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் வரும். நீங்களும் அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரியுங்கள். தானாக வரும். வராவிட்டாலும் வெங்காயம் உரிந்திருக்கும்.

ஆனால் எலி வந்தது. வந்த எலி பிரதர் அறைக்குள் போய் அவருடைய சட்டையைக் கடித்தது. பிரதர் என்று நாங்கள் கூப்பிட்டது, வேதம் படித்து முடித்துவிட்டு ஊழியத்துக்கு வந்திருந்த ஒரு பையனை. நல்ல பிள்ளை. மருத்துவமனைக்கு, தாலுகா ஆபீசுக்கு, எல்லாவற்றுக்கும் அவர்தான் தன் பைக்கில் அலைவார். சாயங்கால ஜெபத்தில் கதை சொல்வதும் அவர்தான். யாரையும் ஜெபத்துக்கு வா என்று மேட்ரனம்மா கூப்பிடமாட்டார்கள். அஞ்சலை மாரியம்மனைக் கும்பிடுகிறவள், ஆனாலும் கதை கேட்க வந்து தூணோரம் உட்காருவாள்.

அன்றைக்கு பிரதர் மன்னா கதையை எடுத்தார். வனாந்தரத்தில் ஜனங்களுக்குக் கர்த்தர் வானத்திலிருந்து அப்பம் கொடுத்தது, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னது, சிலர் கேட்காமல் மறுநாளைக்கு எடுத்து வைத்தது, அதில் புழு பிடித்து நாறியது. "எடுத்து வெச்சவங்களுக்கு நம்பிக்கை இல்ல. நாளைக்குக் கொடுப்பாரான்னு சந்தேகம்" என்றார். அஞ்சலையைப் பார்க்காமல்தான் சொன்னார். ஆனால் பார்க்காமல் இருப்பதே பார்ப்பதுபோல் இருந்தது.

அஞ்சலை தூணிலிருந்து கேட்டாள். "அண்ணா, அந்த சனங்க அங்க இன்னா வேல செஞ்சாங்க?"

"வேலையா? வேல ஒண்ணும் இல்ல. நடந்துபோனாங்க."

"வேல செய்யாம துன்னாங்களா?"

"ஆமா."

"எத்தினி நாளு?"

"நாப்பது வருஷம்."

அஞ்சலை முகவாயில் கைவைத்துக்கொண்டாள். "அய்யோ பாவம்" என்றாள். "அத்தினியும் எப்பதான் அடைச்சாங்களோ."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பிரதரும் சிரித்தார். மேட்ரனம்மா மட்டும் கண்ணாடியைக் கழற்றினார்கள்.

ஜூன் வந்தது. செவ்வந்திக்கு ஒரு பள்ளிக்கூடம் தேடினோம். இரும்புலியூர் பக்கத்தில் விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளி. வயசுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கியதைத் தனியாகச் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த இடத்தை வாங்க பிரதர் நடந்த நடை கொஞ்சமில்லை. கிடைத்ததும் அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன். அஞ்சலையைக் கூப்பிட்டு மேட்ரனம்மா எல்லாம் சொன்னார்கள். படிப்பு, சாப்பாடு, துணி எல்லாம் இலவசம், நீ ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்றார்கள். அஞ்சலை தலையாட்டினாள். "சம்மதமா?" என்றார்கள். மறுபடியும் தலையாட்டினாள். நாங்கள் ஸ்தோத்திரம் சொன்னோம்.

பாருங்கள், இத்தனை வருட அனுபவம் இருந்தும் எங்கள் எல்லோர் கண்ணையும் அன்றைக்குச் சந்தோஷம் மறைத்துவிட்டது. அவர்கள் தலையாட்டினால் அது சம்மதம் இல்லை. காது கேட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பிள்ளை புதுச் சீருடையோடு போனாள். அஞ்சலை வாசலில் நின்று, வண்டி ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் திரும்பும்வரை பார்த்தாள். அதற்குப் பிறகு ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. கொடுத்ததை முழுசாக மாடிக்கு எடுத்துக்கொண்டு போனாள். மகள் ஏக்கம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நான் எல்லோருக்கும் சொன்னேன்.

புதன்கிழமை மத்தியானம் இல்லத்தின் கமிட்டிக்காரர்கள் வருவதாக இருந்தது. நான் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு உள்ளே நுழைகிறேன், மேட்ரனம்மாவின் அறை வாசலில் அஞ்சலை தரையில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் அந்தத் தலையணை. வாய் கட்டி, மூட்டை மாதிரி உப்பிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் பிரதர் நின்றுகொண்டிருந்தார். மேட்ரனம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவளுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் முட்டி வலிதான்.

"சொல்லும்மா."

அஞ்சலை தலையணையைத் தள்ளி அவர்கள் முன்னால் வைத்தாள்.

"இத்த எடுத்துக்கோங்கம்மா. துன்னது பாதிதான். மீதி இதுல கீது. கழுவிதான் காயவச்சேன், ஒரு கல்லு இருக்காது. துன்ன பாதிக்கு நான் எந்த வேலன்னாலும் செய்யறேன். எம் பொண்ண வுட்டுடுங்க."

கறிவேப்பிலையைப் பிடித்தபடி நின்றேன்.

"உன் பொண்ண யாரும்மா பிடிச்சு வச்சிருக்கா? அவ ஸ்கூலுக்குப் போயிருக்கா" என்றார் பிரதர்.

"தெரியும்ணா. நல்ல எடம்தான். சூளையிலயும் நல்லாதான் சொன்னாங்க." அவள் அழவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "எம் புருசன் செத்தப்ப மொதலாளி வூட்டுக்கே அரிசி மூட்ட அனுப்பிச்சாரு. நல்ல மனுசன்னு கும்புட்டேன். துன்னு முடிச்சப்பறம்தான் வண்டி வந்திச்சு, ஏறுன்னாங்க. எங்கப்பன் காரியத்துக்கு ஊருக்குப் போணும்னு கேட்டேன். போ, பொண்ண வுட்டுட்டுப் போன்னாங்க. நான் இங்க சும்மா துன்னுகினே கீறேன். நீங்க கேக்கவே இல்ல. கேக்காதவங்கதான் பெருசா கேப்பாங்க. இப்ப பொண்ண கூட்டிகினு போய்ட்டீங்க. சரி, அதான் கணக்குன்னு புரிஞ்சிபோச்சு."

நாங்கள் நினைத்தது நாளைக்குச் சோறு கிடைக்காது என்று பயந்து ஒளித்து வைக்கிறாள் என்று. அவள் பயந்தது சோறு கிடைக்கிறதே என்று. தின்னவில்லை என்று காட்டுவதற்காக, தன் வயிற்றிலிருந்து பிடுங்கி வெயிலில் போட்டிருக்கிறாள்.

பிரதர் மேட்ரனம்மாவிடம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "மேடம், பேசிப் புரியவைப்போம். இப்போ பிள்ளைய வெளிய கூட்டிட்டு வந்தா சீட் போயிரும். மூணாவது நாளே கூட்டிட்டுப் போறீங்கன்னா திரும்பச் சேக்கமாட்டாங்க. வெயிட்டிங்ல எத்தன பேர் இருக்காங்க."

நியாயமான பேச்சுதான். நானும் உள்ளுக்குள் அதையே நினைத்தேன். ஒரு பிள்ளையின் படிப்பு. அம்மாவின் பயம் இரண்டு நாளில் போகும், படிப்பு போனால் வருமா? அஞ்சலையோ யார் முகத்தையும் பார்க்காமல் தலையணையின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் கமிட்டிக்காரர்களின் கார் சத்தம் கேட்டது.

மேட்ரனம்மா கண்ணாடியைக் கழற்றவில்லை. அன்றைக்கு யோசிக்கவே இல்லை.

"மொதல்ல புள்ளையக் கூட்டிட்டு வாங்க. பேச்செல்லாம் அப்புறம்."

"சீட் மேடம்."

"நான் ஹெச்.எம்.கிட்ட பேசுறேன். வச்சிருந்தா சந்தோஷம். போனா வேற தேடுவோம். புள்ள அங்க இருக்கும்போது இவகிட்ட நாம என்ன சொன்னாலும் அது முதலாளி பேச்சுதான்."

பிரதர் யாரிடமும் இல்லாமல் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "பார்வோனும் அதத்தான் சொன்னான். பெரியவங்க போங்க, பிள்ளைங்க இங்கயே இருக்கட்டும்னு. ஜனங்கள நடத்திட்டு வந்த மோசே ஒத்துக்கல." சொல்லிவிட்டு பைக் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அவரிடம் கேட்ட பிரசங்கத்திலேயே அதுதான் சிறந்தது. ஆமென் சொல்லக்கூட நேரம் கொடுக்கவில்லை.

வந்த கமிட்டிக்காரர்களை வராந்தாவில் உட்காரவைத்து மோர் கொடுத்தேன். என்ன விஷயம் என்று ஒருவர் கேட்டார். "ஒரு பிள்ளை வீட்டுக்கு வருது சார்" என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.

செவ்வந்தி பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். இறங்கியதும் அம்மாவிடம் ஓடவில்லை. அழுதுகொண்டிருந்தாள். "நாளிக்கு எனக்கு ட்ராயிங் கிளாஸ் கீதும்மா. எதுக்குக் கூட்டியாந்த?" அஞ்சலை அவளைப் பிடித்து இழுத்து, இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தலையைத் தடவினாள். பிறகு காலைத் தூக்கிப் பாதத்தைப் பார்த்தாள். வேலை வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்கிறாள். விரலில் கலர் பென்சில் கறைதான் இருந்தது.

"சோறு போட்டாங்களா?"

"போட்டாங்கோ."

"வேல?"

"படம் வரையச் சொன்னாங்கோ."

அஞ்சலை அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

இனி அந்தத் தலையணை. வாங்கினால் கடன் உண்டு என்று நாமே ஒத்துக்கொண்டதாகும். வாங்காவிட்டால், இது போதவில்லை, இன்னும் பெரிதாகக் கேட்பார்கள் என்று அவள் பயப்படுவாள். மேட்ரனம்மா என்ன செய்வார்கள் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர்கள் தலையணையைத் தூக்கி என் கையில் கொடுக்கவில்லை. அஞ்சலையின் கையில் கொடுத்தார்கள்.

"இது உன் சோறு. நீ பாதி வயித்தோட இருந்து சேத்தது. எங்களுக்குப் பசிக்குது. சமைச்சுப் போடுறியா?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் என் அடுப்பை யாருக்கும் விட்டதில்லை. விட்டுவிட்டு நகர்ந்து நின்றேன்.

காய்ந்த சோற்றை மிக்ஸியில் குருணையாக உடைத்து, வெந்தயமும் பூண்டும் தட்டிப்போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். தொட்டுக்கொள்ளப் புளித் துவையல். எத்தனையோ விருந்து சமைத்தவள் சொல்கிறேன், அந்தக் கஞ்சியில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. கமிட்டிக்காரர்கள், பிரதர், மேட்ரனம்மா, இல்லத்தில் இருந்த மற்றக் குடும்பங்கள், எல்லோருக்கும் அஞ்சலையே ஊற்றினாள். மேட்ரனம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

குடித்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்துக் கேட்டார்கள். "அஞ்சல, உன் சோத்த நான் சாப்ட்டேன். எப்போ திருப்பித் தரணும்?"

அஞ்சலை கரண்டியோடு நிமிர்ந்தாள். முகத்தில் உண்மையான கோபம். "இன்னாம்மா பேசற? சோறு போட்டுட்டு எவளாவது கணக்குக் கேப்பாளா?"

கரண்டியிலிருந்து கஞ்சி சொட்டியது. அவள் சொன்னது அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க நான் பின்னால் போகவில்லை. போகக்கூடாது என்று அந்த அளவுக்கு எனக்கும் புத்தி வந்திருந்தது.

பிறகு எல்லாம் ஒரே நாளில் சரியானது என்று சொன்னால் அது பொய். தலைமையாசிரியை நல்லவர். விடுதி வேண்டாம், தினம் வந்து போகட்டும் என்று இடத்தை வைத்துக்கொடுத்தார். தினமும் காலையில் அஞ்சலை மகளை நடத்திக் கூட்டிக்கொண்டு போவாள். முதலில் பள்ளிக்கூடத்து வாசலுக்கு எதிரே, மரத்தடியிலேயே சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேன் வந்து பிரதரிடம் புகார் சொன்னார். பிறகு அங்கிருந்து பஸ் நிறுத்தம்வரை வந்து உட்கார்ந்தாள். அடுத்து ஏரிக்கரை. ஒரு நாள், பிள்ளையை விட்டுவிட்டு நேராக என் சமையலறைக்கு வந்து முருங்கைக்காய் நறுக்க உட்கார்ந்தாள். நான் அரிவாள்மனையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

தங்கைமாரே, விசுவாசம் என்று ஆலயத்தில் சொல்கிறோமே, அதை நான் கண்ணால் பார்த்தது அப்படித்தான். மரத்தடியிலிருந்து பஸ் நிறுத்தம், பஸ் நிறுத்தத்திலிருந்து ஏரிக்கரை. அந்த இஸ்ரவேல் ஜனங்கள் நேர்வழியாகப் போயிருந்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்பார்கள். கர்த்தர் ஏன் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார் என்று நான் இப்போது கேட்பதில்லை. நம்மிடம் வருகிறவர்களை அவசரப்படுத்தாதீர்கள். நன்றி சொல்லவில்லையே என்று பார்க்காதீர்கள். நீங்கள் தரும் ஒவ்வொரு தட்டும் அவர்களுக்குப் பயமாக இருக்கலாம். போட்டுக்கொண்டே இருங்கள். போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். நீங்கள் மறப்பதைப் பார்த்துத்தான் அவர்கள் நம்புவார்கள்.

அஞ்சலை அந்தப் பள்ளி வருடம் முழுவதும் இருந்தாள். சாப்பாட்டை முழுசாகச் சாப்பிடப் பழகினாள். கன்னம் வந்தது. என்னோடு சண்டைகூடப் போட்டாள், சாம்பாரில் நான் வெல்லம் போடுவது அவளுக்குப் பிடிக்காது. "இது இன்னா பாயசமாக்கா?" என்பாள். என் சமையலறையில் என்னை அப்படிக் கேட்டவள் அவள் ஒருத்திதான். நானும் விடமாட்டேன். சாயங்காலங்களில் அவளும் நானும் படியில் உட்கார்ந்து ஏரியில் கொக்கு இறங்குவதைப் பார்ப்போம். பேச ஒன்றும் இருக்காது.

பரீட்சை முடிந்த ஒரு மத்தியானம் சோற்றை வடித்துவிட்டுக் கூப்பிட்டேன். வரவில்லை. மாடியில் இல்லை. அறையைப் பார்த்தால் பாய் சுருட்டி வைத்திருந்தது, தலையணை வெளுத்த உறையோடு அதன்மேல் இருந்தது. உள்ளே பஞ்சு. துணிப்பை இல்லை. காலையிலேயே மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று பக்கத்து அறைக்காரி சொன்னாள். ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அவளுக்கென்று எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருந்தேன். ஒரு வார்த்தை, "போய்ட்டு வரேங்க்கா" என்று ஒரு வார்த்தை. அதற்குக்கூட நான் ஆகவில்லையா? நேராக மேட்ரனம்மாவிடம் போனேன்.

"சொல்லாம போய்ட்டா மேடம்."

அவர்கள் கண்ணாடியைக் கழற்றினார்கள். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். கண் நனைந்திருந்தது.

"ஞானம், அவ இருந்த எடத்துல சந்தைக்குப் போகணும்னாலும் கேக்கணும். இங்க வந்தும், ஏரிக்கரைக்குப் போகட்டுமான்னு உன்கிட்ட எத்தன தடவ கேட்டிருக்கா. இன்னைக்குக் கேக்காம போயிருக்கா. புள்ளையோட கையைப் பிடிச்சுக்கிட்டு, யாரையும் கேக்காம."

"திரும்பி அந்தச் சூளைக்கே போயிருந்தா?"

"அங்க போறவ தலையணைல பஞ்ச அடைச்சு வச்சிட்டுப் போகமாட்டா."

அவர்கள் சொன்னது சரிதான். பிறகு பிரதர் விசாரித்தார். மகளுக்கு டி.சி. வாங்க அஞ்சலை தானே பள்ளிக்கூடத்துக்கு வந்ததாகவும், ஊர்ப் பக்கம் சேர்க்கப்போவதாகச் சொன்னதாகவும் தலைமையாசிரியை சொன்னாராம். அதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. மேட்ரனம்மாவும் போய்விட்டார்கள். ஊறுகாய் வேறு யார் யாரோ சாப்பிட்டார்கள்.

இந்த வேலையில் நமக்குக் கிடைக்கும் பலன் இதுதான். நன்றாக நடந்துவிட்டால் அவர்கள் திரும்பி வரமாட்டார்கள். வரக்கூடாது என்றுதான் ஜெபிக்கிறோம். அந்த ஜெபத்தைக் கர்த்தர் கேட்டுவிடுகிறார், நாம்தான் தாங்கமாட்டோம். இன்றைக்கும் நான் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது, மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டு பாதியில் நிற்கிறேன். மூச்சும் வாங்கத்தான் செய்கிறது. ஆனால் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். செவ்வந்தி இப்போது பெரிய பெண்ணாகியிருப்பாள். எதிரே வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. அஞ்சலையைத் தெரியும். அவள் என்னைப் பார்க்காமல் கடந்து போனாலும் போதும். கூப்பிடமாட்டேன். போகிற அவசரத்தில் போகட்டும். எங்கே போகிறாள் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லாத அவசரம்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஷைனி, எழுதினது போதும், முதலிலிருந்து ஒரு தடவை படி. அஞ்சலை வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படி.